ஸ்டோர்ஸ் ராக்கியப்பனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று ராக்கியப்பனுக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் மெஷின்.

இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கோயமுத்தூர் கணபதியில் இருந்த அந்த கிரைண்டர் கம்பெனியில் ஆயுத பூஜையை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லேத்துக்கும் வெல்டிங் செட்டுக்கும் மட்டும் பொட்டு வைத்துவிட்டுக் கை கழுவுகிற இடம் இல்லை அது. ஸ்டேப்ளர், கால்குலேட்டர், டீ போடும் கெட்டில், ஒட்டடைக் குச்சி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. விட்டுப்போனது எதுவோ அது கோபித்துக்கொண்டு வருஷத்துக்குள் நின்றுவிடும். ஒரு தடவை ஜெராக்ஸ் மெஷினை மறந்துவிட்டு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மனிதர்கள் தட்டிலிருந்து தாங்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். மெஷின்களுக்குத் தனிக் கிண்ணம். ஸ்டோர்ஸில் அந்தக் கிண்ணத்தைப் பிடித்தவர் துரைராஜ். பெட்டி தூக்குகிறவர். குனிந்த தலை நிமிராமல் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். சாம்பிராணிப் புகை வேறு. எடை மெஷினுக்கு வைத்தார். அதற்குப் பக்கத்தில் ராக்கியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். அது அவருடைய வழக்கமான வேலை நேரத்துத் தோற்றம்தான். துரைராஜ் அவர் நெற்றியிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, காதில் ஒரு செவ்வந்தியைச் செருகிவிட்டு, அடுத்து இருந்த பேக்கிங் மெஷினுக்குப் போனார்.

பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி வந்தது. ராக்கியப்பனைத் தாண்டிப் போனது.

"எனக்கு?" என்றார் ராக்கியப்பன்.

பில் போடும் ஜெசிந்தா அவர் நெற்றியைப் பார்த்தாள். "மெஷினுக்கு எதுக்குங்கண்ணா பொரி?"

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "அடடா," என்றார். அதோடு சரி.

வைத்த பொட்டை அழிப்பது அங்கே வழக்கமில்லை. தானாகப் போனால்தான் உண்டு. இது போகவில்லை. மறுநாள் காலை மெயின்டனன்ஸிலிருந்து ஆள் வந்து, ராக்கியப்பனின் சட்டைப் பையில் எண் ஒட்டிவிட்டுப் போனார். மாலை ஆறு மணிக்கு மஞ்சள் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினார்கள். சனிக்கிழமை தோறும் எண்ணெய் விட வேண்டும் என்று உத்தரவு. அது அவருக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

ஆபீசில் எல்லாரும் அவரை ‘அது’ என்று சொல்லத் தொடங்கினார்கள். கதை சொல்கிற எனக்கு மட்டும் வாயில் வரவில்லை. அவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுலோசனா அந்தக் கம்பெனியின் பணியாளர் மேலாளர். யாரை எடுப்பது, யாருக்கு லீவு தருவது, யாரை அனுப்புவது எல்லாம் அவள் கையில். அவள் வந்த நாளிலிருந்து ஒருவரையும் வெளியே அனுப்பியதில்லை. அது அவளுடைய பெருமை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் கூட அதைச் சொல்லிக்கொள்வாள். கேட்டவர்கள் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

மேலிடம் மாடியில் இருந்தது. மாடிக்குப் படி கிடையாது. மேலிடத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுலோசனா அறையின் மின்விசிறி வழியாகச் சொல்லும். வேகத்தை மூன்றில் வைத்தால் வார்த்தைகள் தெளிவாக விழும். ஐந்தில் வைத்தால் நறுக்கி நறுக்கி வரும். கரண்ட் போனால் கொள்கை முடிவுகள் நின்றுபோகும்.

பூஜை முடிந்து இரண்டாம் நாள் மின்விசிறி பேசியது.

"ஸ்டோர்ஸுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது."

"ஆமாங்க சார்," என்றாள் சுலோசனா, அண்ணாந்து.

"மெஷின் வந்தால் ஆள் குறைய வேண்டும். அதுதான் கொள்கை. ஒருவரை அனுப்பவும். வெள்ளிக்கிழமைக்குள்."

"அந்த மெஷின் ராக்கியப்பன்ங்க சார்."

மின்விசிறி ஒரு சுற்று சும்மா சுற்றியது. "மெஷினுக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டாம்," என்றது.

ஸ்டோர்ஸில் மொத்தம் மூன்று பேர்தான். அதில் ஒருவர் மெஷின் ஆகிவிட்டதால் மீதி ஜெசிந்தாவும் துரைராஜும். இருவரில் ஒருவர். சுலோசனா எழுந்து ஸ்டோர்ஸுக்கு நடந்தாள்.

வராந்தா நீண்டிருந்தது. முடிவு எடுக்காத நாட்களில் அது நீளும். சிமென்ட் சரியில்லை என்று கான்ட்ராக்டர் சொல்வார். அன்று அவள் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிய டீ, போய்ச் சேர்வதற்குள் ஆடை கட்டிவிட்டது. வழியில் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா சிறியவளாகியிருந்தாள். செய்தி எப்படியோ தெரிந்து, தன்னாலான அளவுக்குக் குறைந்திருந்தாள். நாற்காலியில் கால் தரைக்கு எட்டவில்லை. கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் முடி மட்டும் தெரிந்தது.

"மேடம், நான் ரொம்ப எடம் அடைக்க மாட்டேன்," என்றாள். குரலும் சிறுத்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலையே ஜெசிந்தா."

"இன்னும் கொஞ்சம் கொறையட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். இதுவே போதும்."

துரைராஜ் சிறுக்கவில்லை. அவர் பெட்டி தூக்குகிறவர். சிறுத்தால் வேலை போய்விடும். அதனால் ஓர் ஓரமாக நின்று, கையில் எதுவும் இல்லாமலேயே தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"சும்மா நிக்கறேன்னு யாரும் சொல்லிரக் கூடாதுங்க மேடம்." அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. "பொட்டு வெச்சது என் தப்புத்தானுங்க. ஆனா விட்டுப் போயிருந்தாலும் என்னத்தானுங்களே கேப்பீங்க?"

அது உண்மை. சுலோசனாவுக்கும் அது தெரியும். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் ராக்கியப்பன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிற பெட்டிக்கெல்லாம் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. ஒரு லேபிள் கூடக் கோணவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே தன்னைப் பிடித்துப்போனது. திரும்பும்போது வராந்தா நாலு எட்டில் முடிந்தது.

"சார்," என்றாள் மின்விசிறியிடம். "மெஷின் யாரோட வேலையைச் செய்யுதோ, அந்த ஆளைத்தானே அனுப்பணும்?"

"ஆமாம்."

"இந்த மெஷின் ராக்கியப்பனோட வேலையைத்தான் செய்யுது. அதனால ராக்கியப்பனை அனுப்பிடறேன். மெஷின் இருக்கட்டும்."

மின்விசிறி வேகம் கூடியது. மேலிடம் மகிழ்ந்தால் அப்படி ஆகும். மேசை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ராக்கியப்பனுக்கு வழியனுப்பு விழா. கேன்டீனில் ஒரு நாற்காலி போட்டு அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜெசிந்தா பழைய உயரத்துக்கு வந்திருந்தாள், அவள்தான் நன்றியுரை. பேசப் பேச அழுதாள். துரைராஜ் பேச எழுந்து, நாற்காலியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ராக்கியப்பன் எல்லாருக்கும் மிக்சரும் மைசூர்பாகும் கொண்டுவந்து வைத்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல மனுசனுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், நாற்காலியைக் காட்டி. "ஒருத்தர் வம்பு தும்புக்குப் போனதில்லீங்க."

அவர் மனைவி மயிலாத்தாள் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். அனுப்பப்பட்டவரை அழைத்துப் போக வந்தவள். பொன்னாடையை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். பூமாலையை ஆட்டோவுக்குள் வைத்தார்கள். மயிலாத்தாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அந்த இடத்தைப் பார்த்து எல்லாரும் கையசைத்தார்கள். ராக்கியப்பனும் அசைத்தார். ஆட்டோ போனதும், மணி ஆறாகிவிட்டதால், அவரை மஞ்சள் உறை போட்டு மூடினார்கள்.

யாருக்கும் வேலை போகவில்லை. சுலோசனா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

ராக்கியப்பனின் பெயர் கம்பெனியில் பரவியது. முன்பு அவருக்கு இருந்த பெயர் வேறு. கும்பாபிஷேகம் என்றால் லீவு, ஆடிப் பெருக்கு என்றால் லீவு, மழை வரும்போல் இருந்தால் லீவு. வந்த நாளிலும் ஸ்டூலில் தூக்கம். இப்போது மற்ற பிரிவுகளிலிருந்து பார்க்க ஆள் வந்தார்கள். "இது எந்த ஊர் மெஷின்?" என்று ஒருவர் கேட்டார். "அவிநாசிங்க," என்றார் ராக்கியப்பன். வந்தவர் குறித்துக்கொண்டார்.

மெஷின் வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணியால் துடைத்தார்கள்.

தை பிறந்து, பொங்கல் போனஸ் பேச்செல்லாம் அடங்கிய பிறகு, மயிலாத்தாள் சுலோசனாவைப் பார்க்க வந்தாள். எதிரே உட்காரச் சொன்னாள் சுலோசனா. அவள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அனுப்பி வெச்சவரு நல்லாத்தானுங்க இருக்கறாரு மேடம்."

"சந்தோஷம்ங்க."

"ஒரு கொறையும் சொல்றதுக்கில்லீங்க. சீட்டாட்டம் இல்ல. சத்தம் இல்ல. டிவி கூட வெக்கறதில்ல."

"பின்ன என்னங்க?"

"போட்ட சோறு போட்டபடி இருக்குதுங்க."

சுலோசனா பேனாவை மூடினாள், திறந்தாள்.

"கூப்பிட்டா ‘ம்’ங்கறதில்லீங்க," என்றாள் மயிலாத்தாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அந்த ஒரு ‘ம்’முக்குத்தானுங்க நான் சண்டை போட்டிருக்கறேன். நூறு வார்த்தை பேசினா ‘ம்’ங்கறாரே, வாயில என்ன கொழுக்கட்டையான்னு. இப்ப அதுவும் இல்லீங்க மேடம். அதனால இங்க இருக்கற மெஷினக் குடுத்துருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது கம்பெனி சொத்துங்க."

"நான் கட்டிக்கிட்டதுங்க."

இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மேலாளருக்கு அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. சுலோசனாவால் மயிலாத்தாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆட்டோவில் அன்று இடம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி இப்போதும் நாற்காலியில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். யாரையும் அனுப்பாமல் சமாளித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே என்று சுலோசனாவுக்கு அசிங்கமாக இருந்தது.

"கேட்டுப் பாக்கறேன்ங்க," என்றாள்.

மின்விசிறியை மூன்றில் வைத்துக் கேட்டாள்.

"ஓடுகிற மெஷின் கேட்டைத் தாண்டாது," என்றது மேலிடம். "கெட்டுப்போனால் கழித்துவிடலாம். கழித்ததை யார் முதலில் வண்டி கொண்டு வருகிறார்களோ அவர்கள் எடுத்துப் போகலாம்."

ஆக, ராக்கியப்பன் கெட்டுப்போக வேண்டும். சுலோசனா ஸ்டோர்ஸுக்குப் போனாள். வராந்தா மறுபடி நீண்டிருந்தது. நடுவில் யாரோ பயணிகள் வசதிக்காக ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். நீர்மோர் குடித்துவிட்டு நடந்தாள்.

"ராக்கியண்ணா."

"சொல்லுங்க மேடம்." கை லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"நீங்க கெட்டுப்போகணும்."

கை நின்றது. "எதுக்குங்க?"

"அப்பத்தான் வீட்டுக்குப் போக முடியும்."

"நான் நல்லா ஓடறனுங்களே மேடம்." அவர் முகத்தில் அடிபட்ட மாதிரி ஒரு தினுசு. "இப்பத்தானுங்க நாலு பேரு நல்லா சொல்றாங்க. அவிநாசி மெஷின்னு பக்கத்துக் கம்பெனில கூட கேக்கறாங்களாம்."

"உங்க வீட்டம்மா வந்திருந்தாங்கண்ணா."

"மெஷினுக்கு அப்பிடி யாரும் கிடையாதுங்களே."

சுலோசனா திரும்பினாள். கதவருகே போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னன்னு சொன்னாளுங்க?"

"போட்ட சோறு போட்டபடி இருக்குதுன்னாங்க."

ராக்கியப்பன் அடுத்த பெட்டியை இழுத்து லேபிளை ஒட்டினார். அது நேராகவே இருந்தது.

பங்குனி போனது, சித்திரை போனது. சுலோசனா தினமும் போய்ப் பார்த்தாள். அவர் ஓடிக்கொண்டிருந்தார். பழுதாக்க முயன்று பார்த்தாள். மூன்று வேளையும் சுண்டல் கொடுத்தாள். எண்ணெய் விடுவதை நிறுத்தினாள். எடை மெஷின்தான் நின்றதே தவிர, அவர் நிற்கவில்லை. மயிலாத்தாள் மாதம் ஒரு முறை கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. அப்படி நிற்பதைப் பார்க்க நேர்ந்த நாட்களில் சுலோசனாவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆடி பதினேழாம் தேதி மதியம், சுலோசனா வந்து நின்றபோது ராக்கியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். லேபிள் கட்டைக் கீழே வைத்தார்.

"மேடம், நாளைக்கு லீவு வேணுங்க," என்றார்.

துரைராஜ் தூக்கிய பெட்டியை இறக்காமல் நின்றார்.

"என்னண்ணா சொன்னீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"லீவு வேணுங்க. ஆடிப் பெருக்குங்க. பவானிக்குப் போகணும். அவ வருசா வருசம் கூடுதுறையில தாலிக்கயிறு மாத்துவா. தனியாப் போனா படிக்கட்டுல வழுக்கும்."

மெயின்டனன்ஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ராக்கியப்பனின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். தோளைத் தட்டினார். மறுபடி ஓடச் சொன்னார். ராக்கியப்பன் மறுபடியும் லீவு கேட்டார். இந்தத் தடவை சத்தமாக.

"கெட்டுப்போச்சுங்க மேடம்," என்றார் மெயின்டனன்ஸ்காரர். சுலோசனா மயிலாத்தாளுக்குச் சொல்லி அனுப்ப வாயெடுத்தாள். அவர் தொடர்ந்தார். "ஆனா பெரிய ரிப்பேர் இல்லீங்க. ஒரு நாள் லீவு குடுத்தா சரியாயிரும். பழையபடி ஓடும்."

எல்லாரும் சுலோசனாவைப் பார்த்தார்கள். அதுதான் சுலபமான வழி. ஒரு நாள் போவார், மறுநாள் வருவார், மறுபடி உறை போட்டு மூடுவார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லாத முடிவு. அவள் இத்தனை காலமும் எடுத்து வந்தது அப்படிப்பட்ட முடிவுகளைத்தான்.

"மெஷினுக்கு லீவு குடுக்க விதி இல்லை," என்றாள் சுலோசனா. "கழிச்சிடலாம்."

மயிலாத்தாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ஆட்டோவோடு கேட்டில் நின்றாள். புதுப்புடவை. மஞ்சள் பையில் தேங்காய் பழம்.

இங்கே ஒரு சடங்கு இருக்கிறது. முன்பு எப்போதோ கழித்துப் போட்ட மோட்டாருக்குள் நல்ல செம்புக் கம்பியை ஒளித்து யாரோ வெளியே கடத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து, கழித்த பொருள் கேட்டைத் தாண்டுமுன் மேலாளர் அதன் மேல் வலது கையை வைத்து, ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். ஒரு பழைய மேசை அப்படிப் போனது. வாங்கிப் போனவர் வீட்டில் அதன் மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தார். செம்பு நேரே தரையில் விழுந்தது. மேசை அங்கேதான் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இதை சுலோசனா மயிலாத்தாளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்பறம் பழையபடி ஆகாதுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"தெரியலீங்க. இதுக்கு முன்னால ஆளை யாரும் இப்படிக் கழிச்சதில்லை."

மயிலாத்தாள் மஞ்சள் பையை ஆட்டோவுக்குள் வைத்தாள். "சொல்லுங்க மேடம். வெயிலுக்கு முந்திப் போகணும்."

வாட்ச்மேன் அங்கமுத்து கேட்டைப் பாதி திறந்துவைத்தார். ஸ்டோர்ஸிலிருந்தும் மற்ற பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ராக்கியப்பன் கேட்டுக்கு உட்பக்கம், தரையில் எல்லையாகப் போட்டிருந்த கோட்டுக்கு முன்னால் நின்றார். முகம் கழுவித் தலை வாரியிருந்தார். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. சுலோசனா அவர் தோளில் கையை வைத்தாள். சட்டைக்குள் சூடாக இருந்தது.

"இதில் ஒன்றும் இல்லை," என்றாள்.

"ஒண்ணு," என்றார் அங்கமுத்து.

"இதில் ஒன்றும் இல்லை."

"ரெண்டு."

மூன்றாவது வரவில்லை.

அவள் அப்பா இறந்தபோது ஆத்துப்பாலம் மின் மயானத்தில் டோக்கன் வாங்க விடியற்காலையிலேயே போய் நின்றவர் இந்த ராக்கியப்பன். சொந்தத் தம்பி கூட ஒன்பது மணிக்குத்தான் வந்தான். யாரும் கேட்காமல் போய் நின்றார். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கும் அவர் சொல்லாமல் எடுத்த லீவுதான். அவருடைய குறைகளைச் சொல்லும்போதெல்லாம் அந்த நாளையும் சேர்த்தேதான் அவள் எண்ணி வந்திருக்கிறாள். இப்போது அந்தத் தோளில் கையை வைத்துக்கொண்டு, இதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போக முடியாது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.

ராக்கியப்பன் தலையை லேசாகத் திருப்பினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சொல்லிருங்க மேடம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க."

சுலோசனாவின் கண் நிறைந்துவிட்டது. எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை. அப்படியே சொன்னாள்.

"இதில் ஒன்றும் இல்லை."

"மூணு," என்றார் அங்கமுத்து. கேட் முழுவதும் திறந்தது.

ராக்கியப்பன் கோட்டைத் தாண்டினார். இரண்டடி வைத்துவிட்டு நின்றார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"கொஞ்சம் லேசா இருக்குதுங்க," என்றார் பொதுவாக.

எல்லாரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். சுலோசனா பார்க்கவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்குங்க," என்று அவள் சொன்னது வெளியே கேட்டதா என்று தெரியவில்லை.

"அழுவாதீங்க மேடம்," என்றாள் மயிலாத்தாள். "உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுங்க. ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்னா ஆச்சு. பவானி போறதுக்குள்ள பாதி சொல்லிருவேன்."

அவள் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, முன்பு அனுப்பி வைத்தவரிடம், "நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க," என்றாள். உள்ளே இடம் உண்டானது. ராக்கியப்பன் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் மயிலாத்தாள் உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். கை ஆட்டி ஆட்டிப் பேசுவது பின்கண்ணாடியில் தெரிந்தது. சத்தி ரோட்டில் திரும்பி மறைந்தார்கள்.

கூட்டம் கலைந்து உள்ளே போனது. சுலோசனா மட்டும் கோட்டின் மேல் நின்றிருந்தாள். ஒருநாள் யாராவது தன் தோளிலும் கையை வைத்து மூன்று முறை சொல்லும்படி ஆகலாம் என்று தோன்றியது. ஆனால் ஆகட்டும். அதற்குப் பிறகு, உள்ளே இன்னதெல்லாம் இருந்தது என்று ஒன்றொன்றாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவள் தம்பியை நினைத்துப் பார்த்தாள். ஒன்றாகப் படித்தவர்களை நினைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாள்.

"உள்ளயா, வெளியங்களா மேடம்?" என்றார் அங்கமுத்து. "கேட்டைச் சாத்தணுங்க."

"இருங்கண்ணா," என்றாள் சுலோசனா. "ஒரு பேரை யோசிச்சிட்டிருக்கேன்."

அங்கமுத்து கேட்டைப் பிடித்தபடியே நின்றார்.